மண்ணீரல் இல்லாமல் உகண்டாவுக்குப் போகலாமா?

பொகவந்தலாவைப் பக்கத்திலிருந்து நீளமான கடிதம் ஒன்று வந்திருக்கிறது. எழுதியவருக்கு வயது 33. தேயிலைத் தொழிற்சாலையில் உதவி டீமேக்கர். பெயர், தோட்டம், கம்பனி எல்லாவற்றையும் நீக்கிவிட்டு விஷயத்தை மட்டும் சொல்கிறேன்.

மேற்கு உகண்டாவில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் இவருக்கு வேலை கிடைத்திருக்கிறது. இரண்டு வருட ஒப்பந்தம், இங்கே வாங்குவதைவிடப் பல மடங்கு சம்பளம். முதலில் தனியாகப் போய், ஆறு மாதம் கழித்து மனைவியையும் நான்கு வயது மகளையும் கூப்பிட்டுக்கொள்ளலாம் என்று திட்டம். மனைவிக்கு மலேரியாப் பயம். இவருக்குப் பயமில்லை. "தேயிலை விளைகிற இடம் என்றாலே குளிர்தானே டொக்டர், குளிரில் நுளம்பு ஏது?" என்று கேட்கிறார். அப்பாயி சின்ன வயதில் கேகாலைப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் மலேரியா வந்து பிழைத்தவராம், அந்த எதிர்ப்பு தன் இரத்தத்திலும் இருக்கும் என்கிறார். கொரோனாக் காலத்தில்கூட ஒரு தும்மல் வரவில்லையாம். தினமும் நெல்லிக்காய்ச் சாறு, ஒன்லைனில் வாங்கிய ஒரு பவுடர். அங்கே ஏற்கெனவே வேலை செய்கிற நம்மூர்க்காரர் ஒருவர், "இங்கே மலேரியா தடிமன் மாதிரி, ஊர்ச்சனம் யாரும் தடுப்பு மாத்திரை போடுவதில்லை" என்று சொல்லியிருக்கிறார். அந்த மாத்திரையைப் போட்டால் உடம்பின் சொந்தச் சக்தி மழுங்கிவிடும் என்றும் எங்கோ படித்திருக்கிறார். அதனால் இவருடைய கேள்வி இதுதான்: புறப்பட மூன்று மாதம் இருக்கிறது, அதற்குள் நோயெதிர்ப்புச் சக்தியை இன்னும் கூட்ட என்ன சாப்பிடலாம்?

கடைசிப் பந்தியில் போகிறபோக்கில் ஒரு செய்தி. "2014 இல் மோட்டார் சைக்கிள் விபத்தில் மண்ணீரலை எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு ஒரு பிரச்சினையும் இல்லை. கம்பனி மெடிக்கலில் இதைச் சொல்லத்தான் வேண்டுமா?"

தம்பி, நீங்கள் கடைசியில் எழுதியதுதான் முதலில் இருந்திருக்க வேண்டும். என் பதிலை இப்போதே சொல்லிவிடுகிறேன், மிச்சத்தைப் பொறுமையாக வாசியுங்கள். மண்ணீரல் இல்லாத ஒருவர் உகண்டாவில் இரண்டு வருடம் தங்கி வேலை செய்வதை நான் சிபாரிசு செய்யமாட்டேன். சாப்பாட்டாலோ பவுடராலோ அந்த இடத்தை நிரப்ப முடியாது. அதையும் மீறிப் போவதென்றால் தடுப்பு மாத்திரை ஒருநாளும் தவறக் கூடாது. ஏன் இவ்வளவு கறாராகச் சொல்கிறேன் என்பது புரிய வேண்டுமானால், மலேரியா உடம்புக்குள் வந்ததும் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும்.

உடம்பு என்ன செய்கிறது

ஒவ்வொரு நோய்க் கிருமிக்கும் தனித்தனியாகப் பயின்று வருகிற எதிர்ப்பு ஒன்று உண்டு. தடுப்பூசி போட்டால் உருவாவது அது. அதற்கு நாட்கள் வேண்டும், முதல் தடவை என்றால் வாரங்கள் வேண்டும். அதற்கு முன்னால், எந்தப் பயிற்சியும் இல்லாமல், பிறந்த அன்றே நம்மிடம் இருக்கிற இன்னொரு எதிர்ப்பு உண்டு. மலேரியாவை வாழ்நாளில் கண்டிராத உங்களைப் போன்ற ஒருவருக்கு முதல் தடவை தொற்றினால், ஆரம்ப நாட்களில் கைகொடுப்பது இந்தப் பிறவி எதிர்ப்பு மட்டும்தான்.

அனோபிலிஸ் பெண் நுளம்பு கடிக்கும்போது தோலுக்குள் விடுகிற ஒட்டுண்ணிகள் பெரும்பாலும் நூறுக்கும் குறைவு. அவை இரத்தக் குழாயைத் தேடிப் பிடித்து, சீக்கிரத்திலேயே ஈரலுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். ஈரலில் கிருமிகளை விழுங்குவதற்கென்றே விழுங்கு கலங்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. இந்த ஒட்டுண்ணியோ அந்தக் கலங்களின் ஊடாகவே புகுந்து, அவற்றைச் செயலிழக்க வைத்துக்கொண்டு ஈரற் கலத்துக்குள் போய்விடும். சாமர்த்தியம்தான். தன்னுள் அந்நியப் பொருள் ஒன்று இருப்பதை ஈரற் கலம் உணர்ந்து இன்டர்பெரோன் என்ற பொருளைச் சுரக்கிறது, கொஞ்சம் ஒட்டுண்ணிகள் அதில் அழியவும் செய்யலாம். ஆனால் தப்புவது ஒன்றிரண்டாக இருந்தாலே போதும். ஒரேயொரு ஈரற் கலத்திலிருந்து சுமார் ஒரு வாரத்தில் பத்தாயிரக் கணக்கில் புது ஒட்டுண்ணிகள் வெளியே வரும். இந்த ஒரு வாரமும் உங்களுக்குக் காய்ச்சலோ வலியோ ஒன்றும் தெரியாது.

வெளியே வந்தவை செங்குருதிக் கலங்களுக்குள் நுழைகின்றன. செங்கலத்துக்குக் கருவே கிடையாது. உள்ளே ஏதாவது புகுந்துவிட்டால் மற்றக் கலங்கள் அதை மேற்பரப்பில் காட்டிக்கொடுக்கும், செங்கலத்தால் அது முடியாது. ஆபிரிக்காவில் அதிகம் இருக்கிற பல்சிபாரம் வகை அதற்குள்ளே ஏறத்தாழ 48 மணி நேரம் பெருகி, கலத்தை வெடித்துக்கொண்டு வந்து, அடுத்த கலங்களுக்குள் போகும். அந்த வெடிப்பில்தான் கழிவுப் பொருட்களும் ஒட்டுண்ணியின் டிஎன்ஏயும் அதன் மேற்தோல் கொழுப்புகளும் இரத்தத்தில் கொட்டுப்படுகின்றன. வெண்கலங்களில் இவற்றை அடையாளம் காணும் உணரிகள் உண்டு. அவை தூண்டப்பட்டதும் டிஎன்எப், இன்டர்லியூக்கின் போன்ற இரசாயனங்கள் பாய்கின்றன. மூளை உடம்பின் சூட்டை ஏற்றுகிறது. கம்பளியைப் போர்த்தியும் பல் கிட்டுகிற அந்தக் குளிரும், பிறகு வருகிற அனலும் வியர்வையும் இதனால்தான். உங்கள் அப்பாயி இருந்தால் இதை என்னைவிட நன்றாகச் சொல்வார்.

ஆக, காய்ச்சலை உண்டாக்குவது ஒட்டுண்ணி நேரடியாக அல்ல, உங்கள் எதிர்ப்புத்தான். அந்தச் சூடு முதிர்ந்த ஒட்டுண்ணிகளைக் கொஞ்சம் பாதிக்கும். அதே நேரத்தில் இயற்கைக் கொல்லிக் கலங்கள் என்று சொல்லப்படுகிற ஒருவகை வெண்கலங்கள் காமா இன்டர்பெரோனைச் சுரந்து விழுங்கு கலங்களை உசுப்பிவிடும். இப்படி எல்லாம் சேர்ந்து ஒட்டுண்ணிகளின் தொகையைக் கொஞ்ச நாள் கட்டுக்குள் வைக்கப் பார்க்கும். பயின்று வருகிற எதிர்ப்பு தயாராகும்வரை அவகாசம் வாங்கிக் கொடுப்பதுதான் இதன் வேலை. மலேரியாவை வாசலிலேயே நிறுத்துவது இதன் வேலையல்ல, அது இதனால் முடிகிற காரியமும் அல்ல.

இன்னொன்று. "சக்தியைக் கூட்ட" என்று கேட்டீர்களே, இந்த எதிர்ப்பு கூடினால் நல்லது என்று நினைக்காதீர்கள். கடும் மலேரியாவில் மூளை பாதிக்கப்படுவதிலும், நுரையீரலில் நீர் கோர்ப்பதிலும், கட்டுமீறிச் சுரந்த அந்த இரசாயனங்களுக்கும் பங்கு உண்டு. நெல்லிக்காய்ச் சாறு நல்லதுதான், குடியுங்கள். கொத்தமல்லி அவித்துக் குடிப்பதும் உங்கள் விருப்பம். பவுடரை நிறுத்திவிடுங்கள். அதில் என்ன இருக்கிறது என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அந்தக் காசுக்கு மருந்தூட்டிய நல்ல நுளம்பு வலை ஒன்று வாங்கலாம்.

மண்ணீரலின் கதை

இடப் பக்க விலா எலும்புகளுக்குக் கீழே, ஒரு கை முஷ்டியளவில் இருக்கிற உறுப்பு இது. விபத்தில் கிழிந்தால் இரத்தம் கொட்டி ஆளே போய்விடலாம் என்பதால் சில வேளைகளில் எடுத்துவிடுவார்கள். உங்கள் உயிரைக் காப்பாற்றியது அந்தச் சத்திரசிகிச்சை, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. எடுத்த பிறகு சாதாரண வாழ்க்கையில் ஒரு வித்தியாசமும் தெரியாது என்று நீங்கள் எழுதியதும் சரி. நம் மலையகத்தில் மலேரியா இல்லாததால் அதன் அருமை உங்களுக்குத் தெரிய வரவில்லை, அவ்வளவுதான்.

நீங்கள் டீமேக்கர் என்பதால் உங்கள் தொழிலை வைத்தே சொல்கிறேன். சிப்டிங் அறையில் தூளைச் சல்லடைக்கு மேல் சல்லடையாக விட்டு, ஈர்க்கும் காம்பும் மேலே தங்க, தரமானது மட்டும் கீழே இறங்குகிறதல்லவா? இரத்தத்துக்கு அந்த அறை மண்ணீரல். அதன் உள்ளே இருக்கிற இடுக்குகள் செங்கலத்தின் விட்டத்தைவிட மிகவும் ஒடுக்கமானவை. ஆரோக்கியமான செங்கலம் நெளிந்து வளைந்து தப்பிவிடும். ஒட்டுண்ணி புகுந்த கலம் விறைத்துப்போய் இருக்கும், அதனால் நெளிய முடியாமல் மாட்டிக்கொள்ளும். பக்கத்திலேயே விழுங்கு கலங்கள் காத்திருக்கின்றன.

இதைவிட நுணுக்கமான ஒரு வேலையையும் மண்ணீரல் செய்கிறது. ஆர்ட்டிமிசினின் வகை மருந்து கொடுத்ததும், செங்கலத்துக்குள் இறந்து கிடக்கும் இளம் ஒட்டுண்ணியை மட்டும் உருவி எடுத்துவிட்டு, கலத்தைத் திரும்ப இரத்தத்துக்கு அனுப்பிவிடும். மண்ணீரல் இல்லாத ஒருவருக்கு மருந்து வேலை செய்த பிறகும் இறந்த ஒட்டுண்ணிகள் நாட்கணக்கில் இரத்தப் பரிசோதனையில் தெரிந்துகொண்டே இருப்பது இதனால்தான். உங்கள் பழைய கதை தெரியாத ஒரு மருத்துவர், மருந்து பிடிக்கவில்லை என்று தப்பாக நினைக்கவும் வாய்ப்பிருக்கிறது.

மண்ணீரலுக்கு எவ்வளவு வல்லமை என்பதற்கு அந்த ஒட்டுண்ணியே சாட்சி. பல்சிபாரம் தான் புகுந்த கலத்தின் மேற்பரப்பில் ஒட்டும் தன்மையுள்ள ஒரு புரதத்தை முளைக்க வைக்கிறது. முதிர்கிற வயதில் அந்தக் கலம் சின்ன இரத்தக் குழாய்களின் சுவரில் ஒட்டிக்கொண்டு நின்றுவிடும், மண்ணீரல் பக்கமே போகாது. மூளையின் குழாய்களில் அது நடந்தால் என்ன ஆகும் என்று விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. மண்ணீரல் உள்ளவர்களுக்கே ஆபத்தான இந்த நோய், இல்லாதவர்களில் வேகமாகப் பெருகி, சீக்கிரமாகக் கடுமையான நிலைக்குப் போகக்கூடும். மற்றவர்களுக்குக் கிடைக்கிற ஒன்றிரண்டு நாள் அவகாசம் உங்களுக்குக் கிடைக்காமல் போகலாம்.

விபத்தில் கிழிந்த மண்ணீரலின் துணுக்குகள் வயிற்றுக்குள் ஒட்டி வளர்ந்து கொஞ்சம் வேலை செய்வதும் உண்டு. உங்களுக்கு அப்படி இருக்கிறதா என்று அறிய ஒரு எளிய இரத்தப் பூச்சுப் பரிசோதனை உதவும். செங்கலம் உருவாகும்போது இழக்கிற கருவின் சின்ன மிச்சங்கள் சிலவற்றில் தங்கிவிடும், அவற்றை அகற்றுவது மண்ணீரல். அந்த மிச்சங்கள் செங்கலங்களுக்குள் கிடந்தால், வேலை நடக்கவில்லை என்று அர்த்தம். அவை இல்லாவிட்டாலும் துணுக்கு மண்ணீரலை நம்பி உகண்டாவுக்குப் போகச் சொல்லமாட்டேன்.

உங்கள் மற்றக் காரணங்கள்

தேயிலை என்றால் குளிர், குளிர் என்றால் மலேரியா இல்லை. நம் நாட்டைப் பொறுத்தவரை இது பெரும்பாலும் உண்மையாகத்தான் இருந்தது. 1934-35 கொள்ளைநோயில் மழை பொய்த்து, மகா ஓயா, தெதுறு ஓயா போன்ற ஆறுகள் வற்றிக் குட்டை குட்டையாக நின்றபோது, கேகாலை, குருநாகல் பக்கமெல்லாம் அழிந்தது. சுமார் 80,000 பேர் இறந்தார்கள். உயரமான தேயிலைத் தோட்டங்கள் அதிகம் அடிபடவில்லை. ஆற்றுக் குட்டைகளில் பெருகுகிற நம் நாட்டு அனோபிலிஸுக்கு நம் மலை ஒத்துவரவில்லை. ஆபிரிக்காவின் நுளம்பு வேறு வகை, மாட்டுக் குளம்படியில் தேங்கிய தண்ணீரே அதற்குப் போதும். கென்யாவில் கெரிச்சோ என்ற தேயிலைப் பிரதேசம் 1,800 முதல் 2,200 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. நுவரெலியா நகரம் 1,868 மீற்றர். அந்தக் கெரிச்சோத் தோட்டங்களிலேயே மலேரியாக் கொள்ளைநோய்கள் வந்திருக்கின்றன. நீங்கள் போகப்போகிற மேற்கு உகண்டாவின் தேயிலைப் பிரதேசம் அதைவிடத் தாழ்வு, போர்ட் போர்ட்டல் பக்கம் சுமார் 1,500 மீற்றர். உகண்டாவில் ஏறக்குறைய முழு நாடுமே மலேரியாப் பிரதேசம்தான்.

அப்பாயியிடமிருந்து வந்த எதிர்ப்பு. மலேரியா வந்து பிழைத்தவரின் உடம்பில் உருவாகும் பிறபொருளெதிரிகள் பேரப்பிள்ளைக்கு வருவதில்லை. தாயிடமிருந்து குழந்தைக்குப் போவதே சில மாதங்களில் கரைந்துவிடும். பரம்பரையாக வருகிற பாதுகாப்புகளும் இருக்கத்தான் செய்கின்றன. அரிவாள் கல இரத்தப் பண்பு, தலசீமியாப் பண்பு, ஜி6பிடி குறைபாடு போன்றவை செங்கலத்தின் அமைப்பையே மாற்றி, ஒட்டுண்ணியை ஓரளவு திணற வைக்கும். ஆனால் அவற்றில் எதுவும் மலேரியா வராமல் தடுக்காது, அவை இருந்தாலும் என் பதில் மாறாது. (ஜி6பிடி பரிசோதனையை எப்படியும் செய்துகொள்ளுங்கள். பிரைமாகுயின் என்ற மருந்து தேவைப்பட்டால் அந்த முடிவைக் கேட்பார்கள்.)

ஊர்ச்சனம் மாத்திரை போடுவதில்லை. நண்பர் பார்த்ததைத்தான் சொல்கிறார், பொய்யில்லை. அங்கே வளர்ந்தவர்கள் சின்ன வயதிலிருந்து திரும்பத் திரும்ப மலேரியா கண்டு, அதில் தப்பியவர்கள். தப்பாத பிள்ளைகள் எத்தனையோ பேர் என்பதை அந்தப் பேச்சில் யாரும் சேர்ப்பதில்லை. தப்பியவர்களுக்குப் பாதி எதிர்ப்பு உருவாகியிருக்கிறது. ஒட்டுண்ணி உடம்பில் இருந்தாலும் நோய் இலேசாகப் போகும். அவர்களே ஊரைவிட்டு வெளியேறிச் சில வருடம் இருந்தால் அந்த எதிர்ப்பும் குறைந்துவிடும். பொகவந்தலாவைக்காரருக்கு அது இரண்டு வருட ஒப்பந்தத்தில் கிடைக்கப்போவதில்லை. உங்கள் நண்பரும் இங்கிருந்து போனவர்தான், அவருக்கும் மாத்திரை தேவை என்று சொல்லி வையுங்கள்.

மாத்திரை உடம்பின் சக்தியை மழுங்கடிக்கும். இல்லை. அது ஒட்டுண்ணியைக் கொல்கிறது, உங்கள் வெண்கலங்களை ஒன்றும் செய்வதில்லை. தடுப்பூசி பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். 2021 இலும் 2023 இலும் உலக சுகாதார நிறுவனம் சிபாரிசு செய்த இரண்டு மலேரியாத் தடுப்பூசிகளும் மலேரியாப் பிரதேசத்துக் குழந்தைகளுக்கானவை. வேலைக்குப் போகிற பெரியவர்களுக்கு அவை இல்லை.

வேலை, மெடிக்கல், காப்புறுதி

இரண்டு வருடச் சம்பளத்தை விடு என்று ஒரு டொக்டர் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு சொல்வது சுலபம். லயத்து வீட்டுக்குப் பதிலாகச் சொந்தமாக ஒரு கல்வீடு கட்டும் கனவு அந்தச் சம்பளத்தில் இருக்கிறது என்று நீங்கள் எழுதியதை வாசித்தேன். அதனால் 'போகாதே' என்பதோடு நிறுத்தாமல் சில வழிகளையும் சொல்கிறேன்.

முதலாவது, அந்தக் கம்பனிக்கோ உங்களை அனுப்புகிற முகவருக்கோ மலேரியா இல்லாத நாட்டில் வேலை இருக்கிறதா என்று கேளுங்கள். தேயிலை ருசி பார்க்கவும் கலக்கவும் தெரிந்தவர்களுக்கு டுபாயில் கலவை, பொதியிடல் வேலைகள் உண்டு. ஐக்கிய அரபு எமிரேட்ஸ் 2007 இலேயே மலேரியா அற்ற நாடாகச் சான்று பெற்றுவிட்டது. சம்பளம் கொஞ்சம் குறையலாம். உங்கள் உடல்நிலைக்கு அதுதான் பொருந்தும் என்பது என் அபிப்பிராயம்.

மறைப்பதா சொல்வதா என்ற கேள்விக்கு வருவோம். வேலை போய்விடும் என்ற பயம் நியாயமானது, அதை அசட்டை செய்யவில்லை. ஆனால் மெடிக்கல் படிவத்தில் 'சத்திரசிகிச்சை நடந்ததா' என்று கேட்டு நீங்கள் 'இல்லை' என்று எழுதினால், நாளைக்குக் காப்புறுதிக் கம்பனி அந்த ஒரு வரியைக் காட்டியே கைவிரிக்கலாம். கடும் மலேரியாவுக்கு அதிதீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கும்போது நடக்கக்கூடிய சங்கதி இது. வயிற்றில் நீளத் தழும்போடு மெடிக்கலுக்குப் போய் அதை மறைப்பது எப்படியும் கஷ்டம் என்பது வேறு கதை. எழுத்தில் உள்ளபடி சொல்லுங்கள். அதே எழுத்தில் காப்புறுதி என்னென்ன செலவை ஏற்கும், அவசரமென்றால் பெரிய வைத்தியசாலைக்கு யார் கொண்டுபோவது, தடுப்பு மாத்திரைச் செலவு யாருடையது என்று கேட்டு வாங்குங்கள். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிவு செய்யாமல் புறப்படாதீர்கள். ஒப்பந்தத்தின் சட்டப் பக்கத்தை ஒரு சட்டத்தரணியிடம் காட்டுங்கள், அது என் துறையல்ல.

மனைவியையும் மகளையும் கூப்பிடும் திட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளைத்தான் மலேரியா அதிகம் கொல்கிறது. கர்ப்பமான பெண்ணுக்கு ஒட்டுண்ணி நச்சுக்கொடியிலேயே தேங்கி, தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்தாகும். வருத்தமாக இருந்தாலும் அந்தத் திட்டத்தைக் கைவிடச் சொல்வேன். உங்கள் மனைவியின் பயம் வீண் பயம் அல்ல.

போவதென்றே முடிவெடுத்தால்

கொழும்பு நாரஹேன்பிட்டியில் மலேரியா எதிர்ப்பு இயக்கத்தின் தலைமையகம் இருக்கிறது. வெளிநாடு போகிறவர்களுக்கு ஆலோசனையும் தடுப்பு மாத்திரையும் இலவசமாகத் தருகிறார்கள். மாவட்டங்களில் பிராந்திய மலேரியா அதிகாரிகள் வழியாகவும் விசாரிக்கலாம். மண்ணீரல் இல்லை என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். மெப்ளோகுயின் வாரம் ஒரு தடவை, புறப்பட இரண்டு மூன்று வாரத்துக்கு முன்பே தொடங்க வேண்டும், மனநோயோ வலிப்போ இருந்தவர்களுக்கு ஆகாது. டொக்சிசைக்ளின் தினமும், நிறையத் தண்ணீரோடு, வெயிலில் தோல் கன்றும். இவை இரண்டையும் திரும்பி வந்த பிறகும் நான்கு வாரம் போட வேண்டும். அடோவாகுவோன், புரோகுவானில் சேர்ந்த மாத்திரையும் தினமும்தான், வந்த பிறகு ஏழு நாள் போதும். உங்களுக்கு எது என்பதை அவர்கள் பரிசோதித்துச் சொல்லட்டும். மூன்று மாதம் இருப்பது நல்லதாகப் போயிற்று.

நியூமோகொக்கஸ், மெனிங்கோகொக்கஸ், ஹிப் என்ற பக்டீரியாக்களுக்கு எதிரான தடுப்பூசிகள் 2014 இல் போட்டார்களா? மண்ணீரல் எடுத்தவர்களுக்கு இவை ஊரில் இருந்தாலும் தேவை. பலருக்கு இது சொல்லப்படுவதே இல்லை, சொல்லியிருந்தாலும் விபத்தின் கலவரத்தில் மறந்துபோகும். உகண்டாவுக்குள் நுழைய மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றும் கேட்பார்கள், அதைப் பொரளை மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தில் போட்டுக்கொள்ளலாம். போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்று செல்லுபடியாகும்.

அங்கே இருக்கும்போது காய்ச்சல் வந்தால், பரசிட்டமோல் போட்டுவிட்டுக் காலையில் பார்க்கலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். உங்களுக்கு அது மலேரியாவாகவும் இருக்கலாம், இரத்தத்தில் பரவும் பக்டீரியாத் தொற்றாகவும் இருக்கலாம். இரண்டும் மணிக்கணக்கில் முற்றக்கூடியவை. அன்றே, இரவானாலும், இரத்தம் பரிசோதிக்கிற வைத்தியசாலைக்குப் போங்கள். முதல் பரிசோதனையில் ஒட்டுண்ணி தெரியாவிட்டால் திரும்பவும் செய்யச் சொல்லுங்கள். கையோடு வைத்திருக்க அவசர அன்டிபயோட்டிக் ஒன்றையும் உங்கள் மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள். அதை விழுங்கிவிட்டு வீட்டில் படுக்கக் கூடாது, விழுங்கிக்கொண்டே புறப்பட வேண்டும். மண்ணீரல் இல்லை என்று ஆங்கிலத்தில் எழுதிய அட்டை ஒன்று எப்போதும் பர்ஸில் இருக்கட்டும்.

திரும்பி வந்த பிறகும் ஒரு வருடத்துக்கு எந்தக் காய்ச்சலுக்கும் டொக்டரிடம் "நான் உகண்டாவில் இருந்தேன்" என்று நீங்களாகச் சொல்லுங்கள். இங்கே 2012 ஒக்டோபருக்குப் பிறகு உள்ளூர் மலேரியா அற்றுப்போய், 2016 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனமும் சான்று தந்துவிட்டது. இளம் டொக்டர்கள் பலர் மலேரியா நோயாளி ஒருவரையும் பார்த்திருக்கமாட்டார்கள், காய்ச்சல் என்றதும் டெங்குவைத்தான் தேடுவார்கள். தாழ்நிலத்தில் அனோபிலிஸ் இன்னும் இருக்கிறது. 2018 இல் வெளிநாட்டுத் தொழிலாளி ஒருவரிடமிருந்து மொனராகலைப் பக்கம் இன்னொருவருக்குத் தொற்றியதும் அப்படித்தான். 1963 இல் நாடு முழுவதும் 17 பேருக்கு மட்டும் என்று குறைந்திருந்த நோய், 1969 ஆகும்போது ஐந்து இலட்சத்தைத் தாண்டியதைப் பழைய ஆட்கள் மறக்கமாட்டார்கள்.

இப்போதைக்கு ஒரு காரியம் செய்யுங்கள். 2014 இல் வைத்தியசாலையில் தந்த டயக்னோசிஸ் கார்ட்டைத் தேடி எடுங்கள். மண்ணீரல் முழுதாக எடுக்கப்பட்டதா, பாதியா, என்ன தடுப்பூசி போட்டார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். தொலைந்துவிட்டால் அனுமதித்த திகதியைச் சொல்லி அந்த வைத்தியசாலையின் பதிவறையில் கேட்கலாம். அதோடு டிக்கோயா ஆதார வைத்தியசாலையில் பொது மருத்துவ நிபுணர் ஒருவரைப் போய்ப் பாருங்கள், மனைவியையும் கூட்டிக்கொண்டு போங்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.